பழத்தைக் கடிக்கலாம், பிழிந்தால் கணக்கு மாறும்: இயற்கை இனிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சின்ன மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "நான் சீனியைத் தொடுறதே இல்லைங்க" என்பதுதான். உண்மைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தால் விடியற்காலையில் கருப்பட்டிக் காபி, பதினோரு மணிக்கு சாத்துக்குடி ஜூஸ், நாலு மணிக்கு ஐந்தாறு பேரீச்சம்பழம், ராத்திரி பாலில் ஒரு கரண்டி தேன் என்று வரிசையாக வந்துவிடும். எல்லாமே இயற்கை, அதனால் எதுவும் கணக்கில் சேராது என்று நினைத்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சுகர் இருப்பவர்களுக்கும் இன்னும் வராதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பழத்தில் இருப்பதும் சர்க்கரைதானே? அப்புறம் ஏன் பழம் சாப்பிடலாம், தேன் கூடாது என்கிறீர்கள்?

சர்க்கரைதான். மாம்பழத்தில் இருக்கும் சுக்ரோஸும் சீனி டப்பாவில் இருக்கும் சுக்ரோஸும் வேதியியல்படி ஒன்றேதான். அது என்ன வடிவத்தில் வயிற்றுக்குள் போகிறது என்பதில்தான் வித்தியாசம். முழுப் பழத்தில் சர்க்கரை நார்ச்சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. நாம் கடித்து, மென்று, விழுங்கி, குடல் அதைப் பிரித்தெடுக்க நேரம் ஆகிறது, அதற்குள் வயிறும் நிறைந்துவிடுகிறது. பிழிந்துவிட்டால் அந்தச் சுவர் உடைந்துபோகும், சர்க்கரை தண்ணீரில் கரைந்து நேராக உள்ளே இறங்கும். காய்ச்சிவிட்டால், அதாவது வெல்லமாகவோ கருப்பட்டியாகவோ பாகாகவோ ஆக்கிவிட்டால், தண்ணீரும் போய்விடும், மிஞ்சுவது கெட்டியான இனிப்பு மட்டும்தான்.

ஆகவே கடிப்பது, பிழிவது, காய்ச்சுவது என்று மூன்றாகப் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. முழுப் பழத்திலும் வெறும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரையை அவர்கள் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. தேனையும், பாகையும், பழச்சாற்றையும், நாம் சேர்க்கும் சீனி வெல்லம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். தேன் இயற்கைதான், ஆனால் அந்தக் கணக்கில் அது சீனியின் பக்கம்தான் நிற்கிறது.

சரி, அந்தக் கணக்கு எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன்?

ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் மொத்த சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்த வழிகாட்டுதல். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், இல்லையென்றால் 25 கிராம். நான் 25ஐத்தான் சொல்வேன், ஏனென்றால் 50 என்று சொன்னால் நம்மவர்கள் 70ல்தான் போய் நிற்பார்கள்.

தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம் இருக்கும். ஆனால் தலைதட்டி யார் போடுகிறார்கள்? கோபுரமாக அள்ளினால் 6, 7 கிராம் வந்துவிடும், வீட்டுத் தராசில் நானே நிறுத்துப் பார்த்தேன். டீக்கடையில் அப்படி இரண்டு ஸ்பூன் விழுந்தால் ஒரு டீக்கு 12 கிராம், காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று குடித்தால் 36 கிராம். வேறு எதையும் தொடாமலேயே அன்றைய கணக்கு முடிந்து கடனும் ஏறிவிட்டது. அதனால்தான் யார் வந்தாலும் பழத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டீயைப் பற்றிப் பேசுகிறேன். "அண்ணே, சீனி கம்மியா" என்று ஒரு வாரம் சொல்லிப் பழகுங்கள், அடுத்த மாதம் பழைய டீயைக் குடித்தால் உங்களுக்கே திகட்டும்.

சுகர் இருப்பவர்களுக்கு இந்த 25 கிராம் ஒரு உரிமை மாதிரி அல்ல. அவர்கள் சேர்க்கும் இனிப்பு முடிந்தவரை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் எல்லாம் சுகருக்கு நல்லது என்கிறார்களே?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் என் பாதி நாள் போகிறது. சொன்னால் சிலருக்கு வருத்தமாகவும் இருக்கும், ஏனென்றால் கருப்பட்டி என்பது நமக்கு வெறும் இனிப்பு கிடையாது, அப்பத்தா வீட்டு வாசனை அது.

எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பனையில் கலயம் கட்டி, புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவி, பதநீரை இறக்குகிறார்கள். அதைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி மணிக்கணக்கில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. வெல்லமும் அப்படித்தான், பனைக்குப் பதில் கரும்பு. இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியைப் போல வெளுக்கவும் சுத்திகரிக்கவும் இல்லை என்பதால் கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் தங்கியிருக்கும், வாசனையும் இருக்கும். அது உண்மை. ஆனால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி என்பதில் இவை எல்லாம் ஒரே குடும்பம், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் அப்படித்தான்.

ஒரு நாள் எங்கள் வீட்டில் அம்மா காபிக்குக் கருப்பட்டியை அம்மிக்குழவியால் தட்டி, விழுந்த துண்டை அப்படியே டம்ளரில் போடப் போனார். வாங்கித் தராசில் வைத்தேன், 18 கிராம். சீனியாக இருந்தால் அம்மா ஒரு ஸ்பூனுக்கு மேல் போடவே மாட்டார். கருப்பட்டி என்றதும் கை தாராளமாகிவிடுகிறது, "உடம்புக்கு நல்லது" என்ற நம்பிக்கை அளவை மறக்கடிக்கிறது. எனக்குக் கருப்பட்டி மேல் கோபம் எதுவும் கிடையாது, அந்தத் தாராளத்தின் மேல்தான்.

இரும்புச் சத்துக்காகச் சாப்பிடுகிறேன் என்பார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான இரும்பை வெல்லத்திலிருந்தே எடுப்பதென்றால் கட்டி கட்டியாகத் தின்ன வேண்டும். அதற்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல், இவை எவ்வளவோ மேல், கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சுகர் இல்லாதவர் சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி பயன்படுத்துவதில் எந்தத் தப்பும் இல்லை, அதே 25 கிராமுக்குள் இருந்தால் சரி. சுகர் இருப்பவர் "இது கருப்பட்டிதானே" என்று மாற்றிக்கொள்வது வெறும் நிறம் மாற்றுவது மட்டுமே.

அழகர்மலைத் தேன், சுத்தமான மலைத் தேன் வைத்திருக்கிறோம். வெந்நீரில் கலந்து குடித்தால் உடம்பு இளைக்குமாமே?

வெந்நீரால் இளைக்கலாம், அதுவும் அதற்கு முன்னால் குடித்த இனிப்பு டீக்குப் பதிலாகக் குடித்தால். தேனால் இளைக்காது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம் என்றால் அதில் 5, 6 கிராம் சர்க்கரைதான். சுத்தமான தேனிலும் இதே அளவுதான். தொண்டை கரகரப்புக்கு அரை ஸ்பூன் எடுப்பது வேறு விஷயம், அதை யாரும் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். பெயர் வைக்கிற அன்று சேனை தொட்டு வைப்பது என்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள், ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்பையும் தசையையும் தளர்த்திவிடும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் குழந்தைக்கு மூச்சு விடுவதே கஷ்டமாகிவிடும்.

சுகர் இருப்பவர் மாம்பழம் சாப்பிடலாமா? பதிலை நேராகச் சொல்லுங்கள்.

சாப்பிடலாம். எவ்வளவு, எப்போது, எதற்குப் பதிலாக என்பதுதான் கேள்வி.

சித்திரை, வைகாசியில் நத்தம் பக்கத்திலிருந்து பழம் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டால் தெருவெல்லாம் அந்த மணம்தான், அப்போது ஒருவரை உட்கார வைத்து "தொடவே கூடாது" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போய் அடுப்படியில் யாரும் பார்க்காமல் முழுப் பழத்தையும் சாப்பிடுவார். என் அப்பா அப்படித்தான் செய்தார். அதற்கப்புறம்தான் வீட்டில் தராசை எடுத்து வைத்தேன். ஒரு இமாம்பசந்த் 420 கிராம் இருந்தது, தோலும் கொட்டையும் போக சதை 290 கிராம். மாம்பழச் சதையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை என்பதால் முழுப் பழம் என்றால் 40 கிராம். அப்பாவுக்கு ஒரு பக்கக் கன்னத்திலிருந்து இரண்டு கீற்று, அதாவது 80, 90 கிராம் நறுக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தேன். பார்க்கக் குறைவாகத்தான் தெரிந்தது. ஆனால் முள்கரண்டியால் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பத்து நிமிஷம் சாப்பிட்டார், முன்பு முழுப் பழத்தைக் கொட்டையோடு சப்பி முடிப்பதற்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது.

இன்னொரு விஷயமும் அவர் உடம்பிலேயே பார்த்தோம். மதியம் சோறு சாப்பிட்டு முடித்த கையோடு மாம்பழம் சாப்பிட்ட நாளில் இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் 210ஐத் தாண்டியது. அதே அளவு மாம்பழத்தை சாயங்காலம் நாலு மணிக்கு, நாலைந்து நிலக்கடலையோடு சாப்பிட்ட நாளில் 160க்குள் நின்றது. உங்கள் உடம்பில் எண்கள் வேறாக இருக்கும், அதனால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்ட்ரிப் செலவானாலும் பரவாயில்லை, பிடித்த பழம் ஒன்றைச் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. அந்த இரண்டு எண்கள் நான் சொல்லும் நூறு வார்த்தையைவிட உங்களுக்குப் புரியவைக்கும்.

மாவடு, மாங்காய் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே பார்க்க வேண்டியது உப்பைத்தான்.

எந்தப் பழத்தில் சர்க்கரை குறைவு, எதில் அதிகம்?

100 கிராம் சதைக்குச் சொல்கிறேன், பழுத்த பக்குவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும் இறங்கும். தர்ப்பூசணியில் 6 கிராம், பப்பாளியில் 8, கொய்யாவில் 9, ஆரஞ்சிலும் அப்படித்தான். வாழைப்பழத்தில் 12, மாம்பழத்திலும் மாதுளையிலும் 14 வாக்கில், திராட்சையில் 15, 16, பலாவில் 19 வரை போகும், சப்போட்டாவும் அதிகம் இருக்கும் பக்கத்தில்தான்.

என்னைக் கேட்டால் நம் பக்கத்துக்குக் கொய்யாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பழனி பக்கம் ஆயக்குடியிலிருந்து கூடை கூடையாக வருகிறது, விலையும் கம்மி, 100 கிராமில் 5 கிராம் நார் இருக்கிறது, செங்காயாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பத்துப் பன்னீர் திராட்சை 2023ல் புவிசார் குறியீடு வாங்கியது, அருமையான பழம், ஆனால் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் எத்தனை போனது என்று தெரியாது. பத்துப் பதினைந்தை உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மீதியை உள்ளே வைத்துவிடுங்கள். வாழையில் சிறுமலைப் பழம், விருப்பாச்சிப் பழம் இரண்டும் உருவத்தில் சிறியவை, ஒன்று சாப்பிட்டால் நிறைவாகவும் இருக்கும் அளவும் அடங்கும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து கனிந்த பழத்தில் மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும் என்பதால், சுகர் இருப்பவர்கள் அந்தப் பக்குவத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது.

பழத்தை எப்போது சாப்பிடுவது?

வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும், சோற்றோடு சேர்ந்தால் வயிற்றில் அழுகிப்போகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதற்கு ஆதாரம் இல்லை, வயிற்று அமிலத்தில் எதுவும் அப்படி அழுகாது. சுகர் இல்லாதவர் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். சுகர் இருப்பவர் சோற்றுக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட வேண்டாம், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் சாப்பிடுங்கள், கூட ஒரு பிடி கடலையோ கொஞ்சம் தயிரோ இருந்தால் ஏற்றம் மெதுவாக இருக்கும்.

சீனி போடாமல் ஜூஸ் குடித்தால் பழம் சாப்பிட்ட மாதிரிதானே?

இல்லை. கல்யாண வீட்டில்கூட ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார், கையில் ஜூஸ் டம்ளரோடு.

ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் பிழிவார்கள். நான்கு ஆரஞ்சை உட்கார்ந்து தோலுரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டுக்கு மேல் போகாது. அதையே பிழிந்தால் இரண்டு நிமிஷத்தில் உள்ளே போய்விடும். சக்கை, அதாவது நார், கடைக்காரரின் வாளியில் கிடக்கும். சீனி போடாத 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், சீனிப்பாகும் ஊற்றினால் அதன் மேல் இன்னும் எவ்வளவு என்பது அந்தக் கரண்டிக்கே வெளிச்சம். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,87,000 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2013ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், திராட்சை, ஆப்பிள் மாதிரியான முழுப் பழங்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாகவும், ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது.

டப்பா ஜூஸ் பற்றி ஒரு வார்த்தை. "100 சதவீதம் பழச்சாறு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். கெட்டிச்சாற்றில் தண்ணீர் கலந்து திரும்பத் தயாரிப்பதை அப்படிச் சொல்லி விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அட்டையின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் அட்டவணையில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். திரவக் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று எழுதியிருந்தால் அதுவும் சர்க்கரைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் பெயரளவில் மாவுச்சத்து, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் அதற்கும் குளுக்கோஸுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இளநீர், பதநீர், நுங்கு, கரும்புச் சாறு? வெயிலுக்கு வேறு என்னதான் குடிப்பது?

மதுரை வெயிலில் இந்தக் கேள்வியின் நியாயம் எனக்குப் புரிகிறது. நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம், இளசாக இருந்தால் பெரும்பகுதி தண்ணீர், இனிப்பு சொற்பம். தோலோடு சாப்பிடுங்கள், வயிற்றுக்கு நல்லது. நுங்கைச் சர்பத்தில் மிதக்கவிட்டுக் குடித்தால் அது சர்பத்தின் கணக்கு.

ஒரு நடுத்தர இளநீரில் 10 கிராம் சர்க்கரை வாக்கில் இருக்கும், சுகர் கட்டுக்குள் இருப்பவர் இடையிடையே ஒன்று குடிப்பதில் பெரிய பாதகம் இல்லை. வழுக்கை முற்ற முற்றக் கொழுப்பு கூடும் என்பதை மறக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொடக் கூடாது, அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, அதை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு அது ஆபத்து, இதயத் துடிப்பையே குலைக்கும்.

பதநீரும் கரும்புச் சாறும் வேறு ரகம். பதநீரில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, கரும்புச் சாற்றில் அதற்கும் கூடுதல், ஐஸ் போடாத 200 மில்லி டம்ளரில் 25 கிராம் வந்துவிடும். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வருகிற, சுகர் இல்லாத ஒரு ஆளுக்கு அது சரி. ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அன்றைய முழுக் கணக்கும் அந்த ஒரு டம்ளரோடு முடிந்தது.

தாகத்துக்கு நீர்மோர் இருக்கிறது. கொத்தமல்லி, இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப் போட்டு மண்பானையில் வைத்த நீர்மோருக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கட்சி.

பேரீச்சம்பழம், உலர் திராட்சை?

தண்ணீர் வற்றிய பழம், ஆகவே சர்க்கரை செறிந்திருக்கும். பேரீச்சையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, சின்னப் பழம் ஒன்றிலேயே 5 கிராம். சுகர் இல்லாதவருக்கு இரண்டு போதும். இருப்பவர் ஒன்று, அதுவும் தினமும் வேண்டாம்.

பாலிலும் சர்க்கரை இருக்கிறதாமே?

200 மில்லி பாலில் 9, 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. கூடவே புரதமும் கொழுப்பும் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். பாலை விட வேண்டாம், அதில் போடும் சீனியை விடுங்கள்.

கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி?

கேரட்டும் பீட்ரூட்டும் பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடலாம், தட்டில் வைக்கிற அளவில் வரும் சர்க்கரை சொற்பம். சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு இரண்டும் மாவுச்சத்து. சாப்பிடுகிற நேரத்தில் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டால் சரி.

பழத்தையே நிறுத்திவிட்டேன், இனிப்பும் கிடையாது, ஆனாலும் சுகர் இறங்கவில்லையே, ஏன்?

இப்படிக் கேட்கிறவர்களிடம் நான் தட்டைப் பற்றிக் கேட்பேன். காலையில் நான்கு இட்லி, மதியம் இரண்டு முறை வாங்கிப் போட்ட சோறு, ராத்திரி சால்னாவில் ஊறிய மூன்று புரோட்டா. இதில் ஒரு சொட்டு இனிப்பு இல்லை, நாக்குக்குத் தெரியவும் தெரியாது, ஆனால் அந்த மாவுச்சத்து எல்லாம் குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. நான்கு இட்லியில் 35, 40 கிராம் மாவுச்சத்து போகும். ஒரு கொய்யாவை விலக்கிவிட்டு மூன்று புரோட்டாவை வைத்துக்கொள்வது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நாரும் வைட்டமினும் தரும் ஒன்றை விட்டுவிட்டு மைதாவைப் பிடித்துக்கொள்கிறோம். முதலில் காயும் கூட்டும், அப்புறம் பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டுப் பாருங்கள். அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை ஏறும் உயரம் குறையும், பசியும் அடங்கி மறுசோறு கேட்காது.

அப்புறம் ஒரே ஒரு நாள் பரிசோதனையை வைத்துப் பதற வேண்டாம். கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறது, 5.7க்குக் கீழே இயல்பு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது எச்சரிக்கை மணி. அந்த நடுவில் இருப்பவர்கள்தான் என் பேச்சை முக்கியமாகக் கேட்க வேண்டியவர்கள், அவர்களால் இன்னும் திரும்பி வர முடியும்.

சீனித்துளசி, சுகர் ஃப்ரீ மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

சீனியைத் திடீரென்று விட முடியாத சர்க்கரை நோயாளிக்கு இடைக்காலத்துக்கு ஒரு கைத்தடியாக இருக்கலாம். உடல் எடை குறைப்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது, சீனித்துளசியும் அதில் அடக்கம். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொன்னார்கள். என் ஆசை நாக்கைப் பழக்குவதுதான், இனிப்பின் மேல் இருக்கும் பிடி தளர வேண்டும்.

நாவல்கொட்டைப் பொடி சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. ஆனி ஆடியில் நாவல்பழம் கிடைக்கும்போது ஒரு பிடி சாப்பிடுங்கள், நல்ல பழம். மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

குழந்தைகளுக்கு எப்படி?

இரண்டு வயது வரை சேர்க்கும் இனிப்பு எதுவும் வேண்டாம், சீனியும் வேண்டாம், கருப்பட்டியும் வேண்டாம், பழத்தை மசித்துக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஸ்கூல் டப்பாவில் ஜூஸ் பாக்கெட்டுக்குப் பதில் நறுக்கிய கொய்யா வையுங்கள், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினால் திரும்பி வராது. அப்புறம் பல். சர்க்கரையின் மொத்த அளவோடு, எத்தனை தடவை வாயில் படுகிறது என்பதும் பல்லைச் சொத்தையாக்குகிறது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மிட்டாய் சப்புவது, ஒரே தடவை சாப்பிட்டு வாய் கொப்பளிப்பதைவிட மோசம். பால் பாட்டிலில் சீனி போட்டுத் தூங்க வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ஜிகர்தண்டா, பருத்திப் பால்?

இரண்டும் நம் ஊர் அடையாளம், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜிகர்தண்டாவில் பாதாம் பிசினோ கடல்பாசியோ இருக்கும், அதில் சர்க்கரை கிடையாது. ஆனால் மேலே நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால், ஐஸ்கிரீம் என்று மூன்று அடுக்கு இனிப்பு. சுகர் இல்லாதவர் மாதம் ஒரு தடவை, சின்ன டம்ளரில். சுகர் இருப்பவர் கூட வந்தவரின் டம்ளரில் இரண்டு வாய். பருத்திப் பாலை வீட்டில் செய்தால் நல்லது, பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி, வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுக்கின் காரத்தில் குறை தெரியாது.

சுகர் திடீரென்று இறங்கிவிட்டால் பழம் கொடுக்கலாமா?

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இது நடக்கும். வியர்த்து ஊற்றும், கை நடுங்கும், படபடப்பு, பேச்சு குழறும். மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் முழுப் பழம் வேண்டாம், அது மெதுவாகத்தான் ஏறும். இந்த நேரத்தில் பிழிந்ததும் கரைத்ததும்தான் கைகொடுக்கும். 15 கிராம் சர்க்கரை, அதாவது தண்ணீரில் கரைத்த மூன்று நான்கு ஸ்பூன் சீனியோ குளுக்கோஸ் பொடியோ அரை டம்ளர் ஜூஸோ கொடுத்துவிட்டு 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. வாக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனி வேலை செய்யாமல் இழுக்கும், ஏனென்றால் சீனி உடைவதைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை, அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் பானகம் கொடுக்கிறார்கள். சாமி பெயரில் கொடுப்பதை எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று பந்தலில் நீட்டுகிற டம்ளரைத் தட்டிவிட யாருக்கு மனசு வரும்? தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். தாகம் தீரக் குடிப்பதற்கு, பெரும்பாலும் நாலு அடி தள்ளி நீர்மோர்ப் பந்தல் இருக்கும், அங்கே போய்விடுங்கள். நீங்கள் பானகம் கரைத்துக் கொடுக்கிறவர் என்றால் வெல்லத்தை வழக்கத்தில் பாதியாக்கி, எலுமிச்சையும் சுக்கும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள், வெயிலில் நிற்கிறவர்களுக்கு அதுதான் தேவை.

ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டு, விடியற்காலையிலேயே கிளம்பி, ஒன்றும் சாப்பிடாமல் அந்தக் கூட்டத்தில் நிற்கிறவர் கை நடுங்கி வியர்க்க ஆரம்பித்தால், அவருக்கு ஒரு முழு டம்ளர் பானகத்தையே கொடுங்கள், நிழலில் உட்கார வைத்துக் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள், அப்புறம் இரண்டு இட்லி சாப்பிட வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.